பிஞ்சு விரலுக்கு அடங்குகிற பள்ளிக்கூடச் சாமான்கள்: மார்த்தாண்டம், களியக்காவிளைக் கடைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

மே மாதம் பாதி தாண்டியதும் குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியிலும் களியக்காவிளையிலும் கடை வாசல் முழுக்கப் பைகள் தொங்கத் தொடங்கிவிடும். குடை, ஷூ, டிபன் பாக்ஸ், யூனிபார்ம் துணி எல்லாம் ஒரே நெரிசலில் விற்கும். கேரள எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் சேர்க்கிற பிள்ளைகளுக்கு ஜூன் தொடக்கத்திலேயே பிரவேசனோற்சவம், அதாவது பள்ளி திறப்பு விழா. இந்தப் பக்கமும் பள்ளி திறப்பது அதையொட்டித்தான். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான தேதியும் ஜூன் 1. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்கு அந்த மழை வந்து சேர அதிக நாள் ஆவதில்லை. ஆக, எல்.கே.ஜி. பிள்ளை முதன்முதலாகப் பையை மாட்டிக்கொண்டு படியிறங்குவதே பெரும்பாலும் நனைந்த முற்றத்தில்தான்.

இங்கே பார்க்கப்போவது டிபன் பாக்ஸ், தண்ணிப் பாட்டில், பை, ஷூ, மழைக்கோட்டும் குடையும், சிலேட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான்: மூன்றரை வயதுப் பிள்ளை, பக்கத்தில் யாரும் இல்லாமல், ஈரக் கையோடு, இதைத் திறந்து மூடுமா? வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள், ஒரு டீச்சர், ஓர் ஆயா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூடிக்கு ஒரு நிமிஷம் என்றாலும் கடைசிப் பிள்ளையின் டப்பா திறப்பதற்குள் சாப்பாட்டு மணி முடிந்துவிடும். அம்மா அப்பாவின் கைக்கு வசதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் சாமான், பிள்ளையின் கைக்குப் போகும்போது வேறு சாமான் ஆகிவிடுகிறது.

முதலில் டிபன் பாக்ஸ். முதல் வாரம் சோறு அப்படியே திரும்பி வந்தால் "சாப்பிடமாட்டேங்கிறான்" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். மூடியைப் பார்ப்பதில்லை.

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் நான்கு வகை. பழைய அமுக்கு மூடி சில்வர் டப்பா, இரண்டு பக்கம் கம்பிக் கிளிப் உள்ள சில்வர் டப்பா, சில்வர் உடம்பும் நாலு பக்கக் கிளிப் வைத்த பிளாஸ்டிக் மூடியும் உள்ளது, திருகு மூடி ஹாட் கேஸ். அமுக்கு மூடி டப்பா புதிதில் இறுக்கமாக இருக்கும். விளிம்பு ஒரு தடவை நசுங்கினால் பிறகு பெரியவர்களுக்கே வராது. ஹாட் கேஸின் திருகு மூடிக்கு உள்ளங்கை அகலம் வேண்டும், பிள்ளைக்கு அது கிடையாது. இரண்டையும் எல்.கே.ஜி.க்கு வாங்காமல் விட்டுவிடலாம். இரண்டு பக்கக் கம்பிக் கிளிப் டப்பாதான் எங்கள் தேர்வு. குழம்பு சிந்தாமல் நிற்க ரப்பர் வளையம் உள்ளதாகப் பாருங்கள்.

நாலு பக்கக் கிளிப் டப்பா பிடித்திருந்தால் கடையிலேயே ஒன்றைக் கவனியுங்கள். கிளிப்பின் நுனி டப்பாவை விட்டு எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது? அரை செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிள்ளையின் நகம் மட்டும்தான் அதில் மாட்டும், விரல் சதை மாட்டாது. இரண்டு தடவை இழுத்து நகம் வலித்ததும் பிள்ளை டப்பாவைத் தள்ளி வைத்துவிடும். நுனி அகலமாக, சற்று மேல்நோக்கி வளைந்திருந்தால் கட்டை விரலின் வயிற்றுப் பகுதி முழுக்க அதன் கீழே போகும். அப்போது இழுக்கவே வேண்டாம், தூக்கினால் போதும். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போங்கள். கையைக் கழுவிவிட்டு, துடைக்காமல், மூன்று தடவை திறக்கச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் முகம் சுளிக்காமல் திறந்தால் அந்த டப்பாவை எடுக்கலாம்.

கடையில் திறந்த டப்பா பள்ளியில் திறக்காமல் போவதும் உண்டு. அதற்குக் காரணம் ஆவி. சூடாகப் போட்டு உடனே மூடினால், ஆவி உள்ளிருக்கும் காற்றில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். ஆறியதும் அந்த ஆவி தண்ணீராகிவிட, உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலு கிளிப்பையும் பிள்ளை ஒழுங்காகத் திறந்திருக்கும், மூடி மட்டும் அசையாது. வளையம் எவ்வளவு நல்லதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும். தட்டில் பரப்பிப் பத்து நிமிஷம் ஆறவிட்டு அடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காது என்றால், மூடி நடுவில் சிறிய சிலிகான் குமிழ் உள்ள மாடலாக எடுங்கள். குமிழைத் தூக்கினால் 'புஸ்' என்று காற்று உள்ளே போய் மூடி இளகிவிடும். அதைத் தூக்கப் பிள்ளைக்கும் வீட்டிலேயே காட்டிக்கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

அளவு: எல்.கே.ஜி.க்கு 350 முதல் 500 மி.லி. தாராளம். "அடுத்த வருஷத்துக்கும் ஆகும்" என்று 800 மி.லி. டப்பாவைக் கடைக்காரர் காட்டுவார். பாதி வெறுமையாக இருக்கும் டப்பாவில் தோசை குலுங்கிச் சுருண்டு ஒரு மூலையில் கிடக்கும், பையில் பாரமும் கூடும்.

உலோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தத்தை வைத்துக் காட்டி "ஒட்டலை பாருங்க, ஒரிஜினல் 304" என்று சொல்வது கடைகளில் பரவலான பழக்கம். 304 தர எஃகிலும் ஒட்டாது, விலை குறைந்த 202 தரத்திலும் ஒட்டாது. அதனால் அந்தச் சோதனையில் தரம் தெரியாது. அடியில் அச்சடித்த எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பாருங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 தரப்படி முத்திரை கட்டாயம் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணை இட்டது. புளிச்சோறும் தயிர்ச்சோறும் அடிக்கடி போகிற வீடென்றால் இதில் சிக்கனம் வேண்டாம். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், அது பாலிபுரொப்பிலீன். அதிலும் கொதிக்கக் கொதிக்கப் போடாதீர்கள்.

சிலிகான் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்க ஈரத்துக்கு மூன்று நாள் கழற்றாமல் விட்டால், வளையம் உட்காரும் பள்ளத்தில் கறுப்புப் புள்ளி விழும், அது பூஞ்சை. கழற்ற வராத வளையம் உள்ள மூடியை வாங்கவே வேண்டாம். ஸ்பூனின் காம்பால் நெம்பினால் எழுந்து வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன போடுவது என்பதும் டப்பாவோடு சேர்ந்த விஷயம். உதிரிப் புட்டு வீட்டில் நல்ல சாப்பாடு, பள்ளிப் பாயில் அது பாதி தரையில். பயறும் பழமும் சேர்த்துப் பிசைந்து சிறு உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தால் கையில் நிற்கும். அவித்த ஏத்தப்பழம் (நேந்திரம்) வட்டமாக நறுக்கிப் போட எதற்கும் ஈடில்லை. மட்டிப்பழமும் அளவுக்கு ஏற்றதுதான், தோலைக் காம்புப் பக்கம் கொஞ்சம் கீறி அனுப்புங்கள். பச்சைத் தேங்காய்ச் சம்மந்தி (சட்னி) மதியத்துக்குள் புளித்துப்போகும். வறுத்தரைத்தது நிற்கும். முழுத் திராட்சையும் நிலக்கடலையும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும், திராட்சையை நெடுவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுக்க வேண்டும், கடலை வேண்டவே வேண்டாம்.

தண்ணிப் பாட்டிலில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, பொத்தானை அமுக்கினால் தானாகத் திறந்து குழல் எழும் பாட்டில். பிள்ளைக்கு அதைவிடப் பிடித்தது வேறு இல்லை, திறப்பதும் சுலபம். ஆனால் குழலுக்குள்ளும் அடி வால்வுக்குள்ளும் பிரஷ் போகாவிட்டால் இரண்டு வாரத்தில் வழவழப்புப் பிடிக்கும். இங்கே பல வீட்டில் கொடுப்பது பச்சைத் தண்ணீர் இல்லை, சீரக வெள்ளம், இல்லையென்றால் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்பு வெள்ளம். பதிமுகச் சாயம் சிலிகானில் ஏறினால் போகாது. குழல் சிவந்திருக்கும்போது அழுக்கு எது, சாயம் எது என்று கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. குழல் பாட்டில் வாங்குவதானால் குழாய் பிரஷ் கூடவே வருகிறதா பாருங்கள், பள்ளிக்குச் சாதாரணத் தண்ணீரே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது தவறு, இரட்டைச் சுவர் பிளாஸ்க். வெறுமையாகவே கால் கிலோவுக்கு மேல் வரும். நம் பள்ளிப் பிள்ளைக்குப் பதினொரு மணிக்குக் கொதிநீர் தேவையில்லை. ஒற்றைச் சுவர் எவர்சில்வர், 400 மி.லி., அகல வாய், மேலே சிறு மூக்கும் தட்டித் திறக்கும் மூடியும் உள்ளது போதும். நிரப்பி, மூடி, பழைய செய்தித்தாள் மேல் ஐந்து நிமிஷம் தலைகீழாக நிறுத்துங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இனி பை. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது என்பதே 2020இல் வந்த தேசியப் பள்ளிப் பைக் கொள்கையின் அடிப்படை. அதன்படி மழலை வகுப்புகளுக்குப் பையே தேவையில்லை, ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு 1.6 முதல் 2.2 கிலோ. நடைமுறையில் எல்.கே.ஜி. பிள்ளையும் பை மாட்டித்தான் போகிறது, ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளை 15 கிலோ என்றால் தாங்கக்கூடியது 1,500 கிராம். டப்பா 280, சாப்பாடு 150, பாட்டில் 180, அதில் தண்ணீர் 350, மாற்று உடுப்பு 150. இதுவே 1,110 ஆகிவிட்டது. பைக்கு மிச்சம் 390 கிராம்தான். கார்ட்டூன் முகம் புடைத்து நிற்கும் கெட்டிப் பைகளும் சக்கரம் வைத்த டிராலிப் பைகளும் இந்தக் கணக்குக்குள் வராது. டிராலியில் சிலது வெறுமையாகவே ஒரு கிலோவைத் தாண்டும். நம் பக்கத்துச் சரிவுப் பாதையிலும் செம்மண் சேற்றிலும் அந்தச் சக்கரம் உருளவும் உருளாது, ஆட்டோவுக்குள் வைக்க இடமும் இருக்காது. கடையில் தராசு இல்லையென்றால் வெறும் பையைச் சுண்டுவிரலில் தொங்கவிட்டுப் பாருங்கள், விரல் இழுபட்டால் அது பாரம்.

உயரம் 12, 13 அங்குலம் போதும். மாட்டி நிற்கும்போது பையின் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால் பிள்ளை முன்னால் குனிந்து நடக்கும். தோள்பட்டை நாலு, ஐந்து செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கிளிப் இருந்தால் பட்டை தோளிலிருந்து நழுவாது. பை முதலில் பிய்வது பட்டை அடியில் தைத்திருக்கும் இடத்தில்தான். உள்பக்கம் திருப்பி, அங்கே நெருக்கமாக முன்னும் பின்னும் ஓடிய தையல் இருக்கிறதா, ஒற்றை வரி தையலா என்று பாருங்கள். ஜிப்பின் நாக்கு சின்னதாக இருந்தால் ஒரு முழச் சாவிக்கயிற்றை மடித்துக் கட்டிவிடுங்கள், பிள்ளையின் விரல் உள்ளே நுழையும் அளவு வளையம். இதற்கு ஐந்து ரூபாய் ஆகாது, ஆனால் பை திறப்பதில் பாதிச் சிக்கல் தீரும். "வாட்டர் புரூஃப்" என்று சொல்வதைப் பாதி நம்பலாம். துணி நனையாமல் இருக்கலாம், ஜிப் வழியாகவும் ஊசித் துளை வழியாகவும் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். மழை உறையோடு வருகிற பையாக எடுங்கள். மாற்று உடுப்பை மட்டும் ஜிப் கவரில் தனியாகப் போட்டுவிடுங்கள்.

மழைக்கோட்டா குடையா என்ற கேள்விக்கு எல்.கே.ஜி. வரை எங்கள் பதில் கோட்டுதான். 1995இல் ஒரே குடை வீட்டிலிருந்து பிரிந்த ஆலப்புழையின் பாப்பி, ஜான்ஸ் கம்பெனிகள் குழந்தைக் குடைகளைக் கொண்டுவந்து குவிக்கும். விசில் வைத்தது, காது முளைத்தது, பார்த்தால் பெரியவர்களுக்கே ஆசை வரும். வாங்கிக் கொடுங்கள், அம்மா கையைப் பிடித்து நடக்கும்போது பிடிக்கட்டும். ஆனால் விரிப்பதைவிட மடக்குவதற்குப் பலம் அதிகம் வேண்டும். ஓடு கம்பியை இழுத்து, பொறியைத் தாண்டவைத்து, துணியைச் சுருட்ட வேண்டும், இடையில் விரல் சதை கம்பிக்குள் மாட்டினால் பிறகு அந்தக் குடையைப் பிள்ளை தொடாது. பொத்தான் குடை வேண்டாம், பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்கு நேரே விரியும். கம்பி நுனிகளில் உருண்டைப் பூண் இருக்க வேண்டும்.

கோட்டு வாங்கும்போது பையை மாட்டிக்கொண்டு, அதன் மேல் போட்டுப் பாருங்கள். முதுகில் பைக்கு இடம் விட்டுத் தைத்தது என்றால் முன்பக்கம் மூடும். இல்லையென்றால் முன்னால் பிளந்து நிற்கும், நெஞ்சு நனையும். நீளம் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல், அதற்கு மேல் போனால் ஆட்டோ படியில் தடுக்கும். தலைமூடியில் கழுத்துக் கயிறு இருந்தால் உருவி எடுத்துவிடுங்கள், கம்பியிலோ கதவிலோ மாட்டி இழுக்கும் ஆபத்து உண்டு. மூடி கண்ணின் இரு ஓரத்தையும் மறைக்கக்கூடாது, சாலை கடக்கும்போது பக்கவாட்டில் வண்டி தெரிய வேண்டும். ஜிப்பைவிட அமுக்குப் பொத்தான் நல்லது. நம் மாவட்டத்துக்கு ஐப்பசி மழையும் உண்டு என்பதால் ஜூலையோடு கோட்டை எடுத்து மடித்து வைத்துவிட முடியாது. உலர்த்தாமல் மடித்தால் பூச்சு ஒட்டிக்கொண்டு உரியும்.

ஷூவுக்கு லேஸ் வேண்டாம், ஒட்டுப்பட்டை. சாயங்காலம் அளவெடுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நிற்கவைத்து, சாக்ஸோடு, இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரிய காலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம். இரண்டு அளவு பெரிதாக எடுத்துப் பஞ்சு திணித்தால் பிள்ளை தடுக்கி விழும். ஒட்டுப்பட்டை ஒட்டாமல் போனால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, கொக்கிகளில் நூல் அடைத்திருக்கும். பழைய பல் பிரஷால் தேய்த்தெடுத்தால் மறுபடி பிடிக்கும். இடது வலது தெரிய ஒரு ஸ்டிக்கரை நடுவில் வெட்டி, பாதியை ஒரு ஷூவிலும் மறு பாதியை மற்றதிலும் உள்பக்கம் ஒட்டுங்கள், படம் சேர்ந்தால் சரியான கால். கறுப்பு ரெக்சின் ஷூ நனைந்தால் ஒரு ராத்திரியில் காயாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அடுப்புப் பக்கம் வைத்தால் ஒட்டுப்பசை விடும். மழை மாதங்களில் செருப்புக்கு அனுமதி உண்டா என்று பள்ளியில் முதலிலேயே கேளுங்கள், உண்டென்றால் பின்பட்டை வைத்த சாண்டல் போதும். வழவழத்த அடி உள்ள ஓட்டைக் குளோக்ஸ் நனைந்த டைல்ஸில் வழுக்கும்.

கீழுடுப்புக்கும் இதே சோதனைதான். கொக்கி, பக்கிள், பெல்ட் எல்லாம் போட்டோவுக்கு அழகு. அவசரமாக ஒண்ணுக்குப் போக வேண்டிய பிள்ளைக்கு இடுப்பில் எலாஸ்டிக் மட்டுமே கைகொடுக்கும். யூனிபார்ம் தைக்கக் கொடுக்கும்போதே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள்.

சிலேட்டை இன்றும் ஒதுக்க வேண்டாம். ஆந்திரத்து மார்க்காப்பூர் கற்பலகைக்குப் பேர் போன ஊர். மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டில் குச்சி உரசும்போது கைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், பிளாஸ்டிக் சிலேட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். கல் சிலேட்டுக்குக் குறை, கீழே விழுந்தால் கீறும், பாரமும் உண்டு, ஆகவே அது வீட்டுக்கு. சட்ட மூலையில் ஆணி நீட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதற்கும் முன்னால், செலவில்லாத பலகை ஒன்று இருக்கிறது: தாம்பாளத்தில் பச்சரிசி. விஜயதசமிக்கு நம் பக்கம் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது அதில்தானே. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி வருஷாவருஷம் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் எழுந்தருளித் திரும்புகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒருநாள் சடங்கைத் தினமும் ஐந்து நிமிஷம் விளையாட்டாகத் தொடர்ந்தால் போதும், வளைவும் சுழியும் விரலுக்கு வந்துவிடும். கிரேயான் வாங்கினால் மூன்று செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழுக் குச்சியை முஷ்டியால் பிடிக்கும் பிள்ளை, துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். இடது கையால் எடுத்தால் மாற்றாதீர்கள். கைடு, ஒர்க் புக் என்று கடைக்காரர் கட்டித் தருவதை இப்போதைக்குத் தொட வேண்டாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் சொல்லியிருக்கிறது.

எல்லாவற்றையும் பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், முந்தைய நாள் வாங்கினால் பழக்க நேரம் இருக்காது. தினமும் ஒரு நேரச் சாப்பாட்டை அந்த டப்பாவிலேயே அடைத்து, தரையில் பாய் விரித்து, கடிகாரத்தில் இருபது நிமிஷம் வைத்துச் சாப்பிடவிடுங்கள். திறப்பது, சாப்பிடுவது, மூடுவது, பைக்குள் வைப்பது எல்லாம் அந்த இருபதுக்குள். முதல் மூன்று நாள் மூடாமல் பைக்குள் போடும், கை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருங்கள். எங்கே சிக்குகிறது என்று அப்போதுதான் தெரியும். டப்பாவே தவறு என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளவும் நாள் இருக்கும். கடையில் பில்லை வாங்கி வையுங்கள், சீசனில் பில் இல்லாமல் யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

பேர் எழுதுவதை மறக்க வேண்டாம். டப்பா மூடியிலும் உடம்பிலும் தனித்தனியாக, ஷூவின் உள்நாக்கில், கோட்டின் கழுத்துப் பட்டியில். ஒரே கடையில் வாங்கிய ஒரே நிற டப்பா வகுப்பில் நாலு இருக்கும். களியக்காவிளை தாண்டிப் போகிற பிள்ளை என்றால் தமிழில் மட்டும் எழுதினால் அங்கே ஆயாவுக்கு வாசிக்க வராது, மலையாளத்திலும் எழுதுங்கள். பேருக்குப் பக்கத்தில் பிள்ளைக்குத் தெரிந்த ஓர் அடையாளமும் வேண்டும், மீனோ மாங்காயோ, எல்லாச் சாமானிலும் அதே படம். சில்வரில் மார்க்கர் இரண்டு கழுவலில் போய்விடும். பாத்திரக் கடையிலேயே பேர் வெட்டித் தருவார்கள், அந்த மீனையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள்.